நடந்தே தப்பித்தவர்கள்: நெடும்பயணத் திரைப்படங்களுக்கு ஓர் எளிய அறிமுகம்

சிறையிலிருந்து தப்பிக்கும் படங்களில் வழக்கமாகச் சுவர்தான் எதிரி. சுரங்கம் தோண்டுவார்கள், காவலர் மாறும் நேரத்தைக் கணக்கெடுப்பார்கள், கம்பியை அறுப்பார்கள். சுவருக்கு வெளியே கால் வைத்ததும் படம் ஏறக்குறைய முடிந்துவிடும். அங்கிருந்து தொடங்குகிற படங்களும் இருக்கின்றன. அவற்றில் வேலியைத் தாண்டுவது சில நிமிட வேலை. அதற்குப் பிறகு வருகிற ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்தான் கதை.

பீட்டர் வியர் இயக்கி 2010-இல் வெளிவந்த 'தி வே பேக்' படத்தில் முகாம் அதிகாரியே இதைச் சொல்லிவிடுகிறார். சைபீரியாவின் கட்டாய உழைப்பு முகாமில் புதிதாக வந்து இறங்கிய கைதிகளை வரிசையில் நிறுத்தி, எங்கள் துப்பாக்கியும் நாயும் முள்கம்பியும் உங்களுக்குச் சிறையல்ல, இந்தச் சைபீரியா முழுவதும்தான் உங்கள் சிறை என்கிற பொருளில் பேசுகிறார். இந்த வகைப் படங்களைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. இங்கே தூரமே பூட்டு. காவலர்கள் துரத்தாமல் விட்டாலும் பனியும் மணலும் காடும் தங்கள் வேலையைச் செய்யும்.

இப்படங்களைப் பற்றிப் பேசும்போது பலரும் முதலில் சொல்வது மன உறுதியைப் பற்றித்தான். நாயகன் மனத்திடம் உள்ளவன், அதனால் பிழைத்தான் என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதே மன உறுதியோடு புறப்பட்டு வழியில் விழுந்தவர்கள் ஒவ்வொரு கதையிலும் இருக்கிறார்கள். பிழைத்தவரைப் பிழைக்க வைத்தது எது என்று உற்றுப் பார்த்தால், பெரும்பாலும் நிலத்தைப் பற்றிய அறிவும், முன்பின் தெரியாத ஒருவர் திறந்துவிட்ட கதவும்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்தப் படங்கள் இன்னும் ஆழமாகின்றன.

முதலில் உடலின் கணக்கு

திரையில் நடப்பது நம்பத்தக்கதா என்று மதிப்பிட உடலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். சும்மா படுத்திருந்தாலே ஒருவரின் உடல் நாளொன்றுக்குச் சுமார் 1,500 கலோரி செலவழிக்கும். மேடுபள்ளத்தில், குளிரில், பொழுதெல்லாம் நடந்தால் செலவு இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். உள்ளே எதுவும் வராதபோது, வருமானம் நின்றுபோன குடும்பம் கையிருப்பைச் செலவழித்து, பிறகு நகையை விற்று, கடைசியில் வீட்டுக் கதவையே கழற்றி விற்பதைப்போல உடல் தன்னையே தின்னத் தொடங்குகிறது. கல்லீரலிலும் தசையிலும் சேமிப்புச் சர்க்கரையாக உள்ள கிளைகோஜன் ஏறக்குறைய ஒரு நாளில் தீர்ந்துபோகும். அடுத்துக் கொழுப்பு கரையும். கூடவே தசையும் கரையும். இதயமும் தசையால் ஆனதுதான்.

பட்டினி மனத்தை என்ன செய்யும் என்பதை 1944–45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஆராய்ந்தார். போரில் ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடம் கொடுக்காத 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து இதில் பங்கேற்றார்கள். 24 வாரங்கள் அரைவயிற்று உணவு. அதோடு வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும். உடல் எடையில் கால் பங்கு குறைந்தது. சிரிப்பு போயிற்று, எரிச்சல் வந்தது, நாள் முழுவதும் உணவைப் பற்றிய நினைப்பே சுழன்றது. சிலர் சமையல் புத்தகங்களை விரும்பிப் படித்தார்கள். இந்த வகைப் படங்களில் எலும்பும் தோலுமான மனிதர்கள் கூடி உட்கார்ந்து, ஊரில் தின்ற சாப்பாட்டை அங்குலம் அங்குலமாக வர்ணிக்கும் காட்சி வந்தால், அது பொழுதுபோக்குக்காகச் சேர்த்தது என்று நினைத்துவிடக் கூடாது. பசி அப்படித்தான் பேச வைக்கும்.

தண்ணீர் விஷயத்தில் உடலுக்கு இவ்வளவு பொறுமை கிடையாது. உணவின்றி வாரக்கணக்கில் தாங்கும் உடல், கடும் வெயிலில் தண்ணீரின்றி இரண்டு மூன்று நாட்களைத் தாண்டுவதே கடினம். வெயிலில் நடப்பவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல் வியர்வையாக இழக்கக்கூடும். நீர் வற்ற வற்ற முதலில் குழம்புவது புத்தி. திசையைத் தவறவிடுவது, இல்லாத ஏரியைப் பார்ப்பது, கூட வந்தவர் மேல் சந்தேகம் கொள்வது எல்லாம் அந்தக் கட்டத்தில் நடக்கும். பாலைவனம் தெரிந்தவர்கள் பகலில் நிழலில் கிடந்து இரவில் நடப்பது இதனால்தான்.

குளிர் வேறு விதமாகக் கொல்லும். 37 டிகிரியில் இருக்க வேண்டிய உடலின் உள்வெப்பம் 35-க்குக் கீழே இறங்கினாலே கையும் நாவும் தடுமாறத் தொடங்கும். நனைந்த உடை அதைவிட மோசம். நீர் காற்றைக் காட்டிலும் சுமார் 25 மடங்கு வேகமாக உடற்சூட்டை இழுத்துக்கொள்கிறது. 'தி வே பேக்' படத்தில் மாலைக்கண் நோயுள்ள ஓர் இளைஞன் வருகிறான். உணவில் வைட்டமின் ஏ குறைந்தால் வருகிற நோய் அது. இரவில் விறகு பொறுக்கப் போனவன் திரும்பும் வழி தெரியாமல், தோழர்கள் மூட்டிய நெருப்புக்கு அருகிலேயே உறைந்து இறக்கிறான். காவலரின் குண்டுக்குத் தப்பியவனை ஒரு சத்துக் குறைவு வீழ்த்துகிறது. இந்தப் படவகையின் இயல்பு முழுவதும் அந்த ஒரு சாவில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றும்.

கடைசியாக, பாதம். நெடும்பயணத்தில் பலரையும் முதலில் கைவிடுவது அதுதான். வியட்நாம் போரின்போது லாவோஸ் மீது பறந்த அமெரிக்கக் கடற்படை விமானி டீட்டர் டெங்லர் 1966 பிப்ரவரியில் சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். ஜூன் 29 அன்று சக கைதிகளோடு தப்பினார். அவருக்கும் கூடத் தப்பிய டுவேன் மார்ட்டினுக்கும் காட்டில் இருந்த காலணி, ஒரு கேன்வாஸ் ஷூவின் அடிப்பாகம் ஒன்றுதான். அதைப் பிரம்பு நாரால் காலில் கட்டி, மாற்றி மாற்றி அணிந்துகொண்டார்கள். மழைக்காலக் காடு, அட்டைகள், காய்ச்சல். வழியில் ஒரு கிராமத்தில் மார்ட்டின் வெட்டிக் கொல்லப்பட்டார். டெங்லரை ஜூலை 20 அன்று ஒரு விமானி வானிலிருந்து கண்டு, ஹெலிகாப்டரில் மீட்கச் செய்தார். அப்போது அவருடைய எடை 45 கிலோவைக்கூடத் தொடவில்லை. வெர்னர் ஹெர்சாக் இதை முதலில் 1997-இல் ஆவணப்படமாக எடுத்தார், பிறகு 2006-இல் 'ரெஸ்க்யூ டான்' என்ற கதைப்படமாகவும் எடுத்தார்.

வேலியே வழியான கதை

ஒரே ஒரு படம்தான் பார்க்க முடியும் என்றால் நான் பரிந்துரைப்பது பிலிப் நாய்ஸ் இயக்கிய 'ராபிட் புரூஃப் ஃபென்ஸ்' (2002). இதில் நடப்பவர்கள் போர்வீரர்களோ கைதிகளோ இல்லை, மூன்று சிறுமிகள்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் 1905-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், பழங்குடிக் குழந்தைகளுக்குச் சட்டப்படியான பாதுகாவலராக அரசின் தலைமைப் பாதுகாப்பு அதிகாரியை ஆக்கியது. பெற்ற தாய் இருக்க, அதிகாரி பாதுகாவலர். வெள்ளைத் தகப்பனுக்கும் பழங்குடித் தாய்க்கும் பிறந்த பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து அரசுக் குடியிருப்புகளுக்குக் கொண்டுபோய், வீட்டு வேலைக்கும் பண்ணை வேலைக்கும் பழக்கினார்கள். 1931-இல் ஜிகலாங் என்ற இடத்திலிருந்து மோலி, டெய்ஸி, கிரேஸி ஆகிய மூவரையும் அப்படிப் பிடித்துக்கொண்டுபோய், பெர்த் நகருக்கு வடக்கே உள்ள மூர் ரிவர் குடியிருப்பில் விட்டார்கள். படத்தில் மோலிக்கு 14 வயது, டெய்ஸிக்கு 8. சில நாட்களிலேயே மோலி மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஊர் சுமார் 1,600 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது.

அவளுக்கு வழி எப்படித் தெரியும்? இங்கேதான் இந்தக் கதை என்னை ஒவ்வொரு முறையும் ஆட்கொள்கிறது. ஐரோப்பியர் வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்ட முயல்கள் பெருகி ஆஸ்திரேலியாவின் பயிர்நிலங்களை அழித்தன. அவை மேற்கே பரவாமலிருக்க, தெற்குக் கடற்கரையிலிருந்து வடக்குக் கடற்கரை வரை 1,833 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வேலி போட்டு 1907-இல் முடித்தார்கள். அந்த வேலியைப் பராமரிப்பவர்களுக்கான கிடங்காகத் தோன்றியதுதான் ஜிகலாங். மோலியின் தகப்பன் வேலியைக் கண்காணிக்கும் வேலையில் இருந்த வெள்ளையர். வேலியைக் கண்டுபிடித்து அதையொட்டி வடக்கே நடந்தால் அம்மா இருக்கும் இடம் வந்துவிடும் என்பது அந்தச் சிறுமிக்குத் தெரிந்திருந்தது. அரசாங்கம் நிலத்தைப் பிரிக்கப் போட்ட கம்பி, அரசாங்கம் பிரித்த பிள்ளைகளை வீட்டுக்குக் கொண்டுசேர்த்தது. கற்பனைக் கதையில் ஒருவர் இப்படி எழுதியிருந்தால் செயற்கை என்று சொல்லியிருப்போம்.

மோலியை வெறும் துணிச்சல்காரி என்று சொல்வது அவளுக்குச் செய்யும் குறைவு. மழை வரும் நாளாகப் பார்த்துப் புறப்படுகிறாள், காலடித் தடம் அழிந்துபோகும் என்பதற்காக. தடம் பார்ப்பதில் தேர்ந்த பழங்குடியினர் ஒருவரை அதிகாரிகள் பின்னால் அனுப்புகிறார்கள். படத்தில் டேவிட் குல்பிலில் நடித்த அந்தப் பாத்திரம், சிறுமியின் கெட்டிக்காரத்தனத்தை உள்ளூர மெச்சுவதை ஒரு பார்வையிலேயே காட்டிவிடுகிறார். ஓடையில் நடப்பது, தரையின் தன்மை பார்த்துக் கால் வைப்பது, வேட்டையாடித் தின்பது என்று எல்லாம் அவள் தன் மக்களிடம் கற்றவை. நாகரிகம் கற்றுத் தருகிறோம் என்று அழைத்துப்போனவர்கள் எதை மறக்கச் சொன்னார்களோ அதுவே அவளைக் காப்பாற்றியது.

வழியில் பண்ணை வீட்டுப் பெண்கள் சாப்பாடு தருகிறார்கள், கோட்டு தருகிறார்கள். நிஜத்தில் அவர்களில் ஒருவர் சாப்பாடும் உடையும் கொடுத்து அனுப்பிவிட்டு, குடியிருப்பு அதிகாரிக்கும் தகவல் சொல்லிவிட்டார். பிள்ளைகள் மேல் இரக்கம்தான், அந்த இரக்கமே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. கிரேஸி தன் அம்மா வேறோர் ஊரில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் பிரிந்து போய்ப் பிடிபட்டாள். மோலியும் டெய்ஸியும் சுமார் ஒன்பது வாரம் நடந்து ஜிகலாங் சேர்ந்தார்கள்.

படத்தின் முடிவில் முதிர்ந்த வயதில் இருக்கும் நிஜ மோலியும் டெய்ஸியும் திரையில் தோன்றுகிறார்கள். அவர்கள் மூலமாகவே நமக்குத் தெரியவரும் பின்கதை, நடையைவிடக் கனமானது. திருமணமாகி இரண்டு பெண்களுக்குத் தாயான மோலியை 1940-இல் மீண்டும் அதே மூர் ரிவருக்குக் கொண்டுபோனார்கள். 1941-இல் அவர் கைக்குழந்தையைச் சுமந்துகொண்டு மறுபடியும் தப்பி ஊருக்குப் போனார். மூத்த மகள் டோரிஸை விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. சில ஆண்டுகளில் கைக்குழந்தையையும் அரசு பிடுங்கிக்கொண்டது. அந்த மகளை மோலி அதன்பின் பார்க்கவே இல்லை. விடப்பட்ட டோரிஸ் வளர்ந்து, டோரிஸ் பில்கிங்டன் கரிமாரா என்ற எழுத்தாளராகி, 1996-இல் தாயின் நடையைப் புத்தகமாக எழுதினார். படம் அதிலிருந்து வந்தது. மோலி 2004-இல் காலமானார். இப்படிப் பறிக்கப்பட்ட தலைமுறைகளிடம் ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தில் பிரதமர் கெவின் ரட் மன்னிப்புக் கேட்டது 2008 பிப்ரவரி 13-இல்தான்.

கதவைத் திறந்தவர்கள்

நார்வேக்காரரான யான் பால்ஸ்ரூடின் கதை இரண்டு முறை படமாகியிருக்கிறது: ஆர்னே ஸ்கௌவன் 1957-இல் எடுத்த 'நைன் லைவ்ஸ்', ஹரால்ட் ஸ்வார்ட் 2017-இல் எடுத்த 'தி ட்வெல்த் மேன்'. ஜெர்மனி நார்வேயை ஆக்கிரமித்திருந்த 1943 மார்ச்சில், நாச வேலைக்காக ஷெட்லாந்து தீவுகளிலிருந்து ஒரு மீன்பிடிப் படகில் 12 பேர் வந்தார்கள். வடக்கு நார்வேயில் தொடர்புகொள்ள வேண்டிய ஆளின் பெயரே கொண்ட வேறொருவரிடம் தவறிப்போய்ப் பேசிவிட, தகவல் ஜெர்மானியருக்குப் போயிற்று. 11 பேர் அங்கேயோ பிடிபட்ட பிறகோ உயிரிழந்தார்கள். பால்ஸ்ரூட் ஒருவர் மட்டும், ஒரு காலில் பூட்ஸ் இல்லாமல், கட்டைவிரலில் குண்டடிபட்டுப் பனியில் ஓடித் தப்பினார். உறைகுளிர்க் கடலில் நீந்தினார். பனிச்சரிவில் சிக்கினார். பனியின் ஒளியில் கண் தெரியாமல் போய், மனம் பேதலித்து, மலைகளில் நாட்கணக்கில் அலைந்து, ஃபுருஃப்ளாட்டன் என்ற சிற்றூரில் ஒரு வீட்டுக் கதவில் வந்து விழுந்தார்.

இதுவரை படித்தால் ஒரு தனி மனிதனின் சாகசம்தான். அடுத்த பாதியில் அவரால் நடக்கவே இயலவில்லை. கால்விரல்கள் உறைந்து அழுகின. அழுகல் பரவாமலிருக்கத் தன் விரல்களைத் தானே கத்தியால் வெட்டினார், கடைசியில் ஒரு விரல்தான் மிஞ்சியது. ஊரார் அவரைக் களஞ்சியத்தில் ஒளித்துவைத்தார்கள், படகில் அக்கரை சேர்த்தார்கள், சறுக்குப் பலகையில் கட்டி மலைமேல் இழுத்துப்போனார்கள். மறுபக்கம் மான்டாலன் ஊர்க்காரர்கள் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். புயலால் தேதி தவறியது. பனிக்குள்ளும் ஒரு பாறைக்கு அடியிலும் வாரக்கணக்கில் கிடந்தவருக்கு ஊர்க்காரர்கள் முடிந்தபோதெல்லாம் ஏறிவந்து உணவு கொடுத்தார்கள். இறுதியில் சாமி எனப்படும் வடபகுதிப் பழங்குடியினர் பனிமான் பூட்டிய சறுக்குவண்டியில் அவரை நடுநிலை நாடான சுவீடனுக்குக் கொண்டுசேர்த்தார்கள். தப்பியோடும் ஆளுக்கு உதவினால் மரண தண்டனை என்பது அத்தனை பேருக்கும் தெரியும்.

பால்ஸ்ரூட் 1988-இல் இறந்தபோது அவர் விருப்பப்படி அஸ்தி மான்டாலனில், தனக்கு உதவியவர்களில் ஒருவரான அஸ்லாக் ஃபோஸ்வோலின் கல்லறையிலேயே வைக்கப்பட்டது. ஃபோஸ்வோல் 1943-லேயே நோயில் இறந்துவிட்டவர். தன் பிழைப்பு யாருடையது என்பதில் பால்ஸ்ரூடுக்குச் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. 2017 படம் ஜெர்மானிய அதிகாரியின் துரத்தலுக்குச் சற்று அதிகமாகவே இடம் கொடுத்துவிட்டது என்பது என் குறை. ஆயினும் ஊர்ப் பெண்களும் மீனவர்களும் வரும் காட்சிகளுக்காக அதைப் பார்க்கலாம்.

ஆண்டீஸ் மலையில் 1972-இல் விழுந்த உருகுவே விமானத்தின் கதையிலும் இதே தடம் இருக்கிறது. அங்கே காவலர் இல்லை, சிறை இல்லை, உறைந்த மலைதான். பிழைத்த பயணிகளில் நன்டோ பராடோவும் ராபர்டோ கனேசாவும் பத்து நாள் நடந்து இறங்கினார்கள். சாகும் தறுவாயில் துணை விமானி சொன்ன தவறான இடத்தை நம்பியதால், மேற்கே பக்கத்திலேயே சிலி நாட்டுப் பசுமை தொடங்கிவிடும் என்று நினைத்து உயர்ந்த சிகரத்தை ஏறினார்கள். கிழக்கே இறங்கியிருந்தால் வழி எளிது. நிலம் பற்றிய ஒரு பிழையான தகவல் எவ்வளவு நடையைக் கூட்டிவிடும் என்பதற்கு இது சான்று. அவர்களைக் கண்டு, குதிரையில் நெடுந்தூரம் போய் உதவி அழைத்துவந்தவர் செர்ஜியோ கட்டலான் என்ற கால்நடை மேய்ப்பவர். 'சொசைட்டி ஆஃப் தி ஸ்னோ' (2023) இதைப் படமாக்கியிருக்கிறது.

நடையை எப்படிப் படமாக்குவது?

திரையில் நடப்பதைப் போல் அலுப்பூட்டுவது வேறில்லை. கால் முன்னே போகும், பின்னே போகும். இதை எத்தனை நிமிடம் பார்ப்பது? ஆகவே இயக்குநர்கள் காலத்தை உடலின் மேல் எழுதுகிறார்கள். உதட்டு வெடிப்பு, கன்னக் குழி, காலணியின் நிலை, தாடி. 'தி வே பேக்' ஒப்பனைக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றது பொருத்தமே. ஹெர்சாக் 'ரெஸ்க்யூ டான்' படத்தைப் பின்னிருந்து முன்னாக எடுத்தார். கிறிஸ்டியன் பேல் முதலிலேயே மெலிந்துவந்து, படப்பிடிப்பு நகர நகர எடை கூட்டிக்கொண்டார். 'ராபிட் புரூஃப் ஃபென்ஸ்' படத்தில் ஒளிப்பதிவாளர் கிறிஸ்டோபர் டாயில் வெயிலில் நிறம் வெளுத்த நிலத்தைக் காட்டுகிறார். அந்த வெளுப்பிலேயே தொண்டை வறள்கிறது.

நடிகரின் எடைக்குறைப்பே விளம்பரமாகிவிடும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. ஒருவர் மருத்துவர் மேற்பார்வையில் மெலிந்ததைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். நிஜத்தில் மெலிந்தவரின் பெயர் பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

உண்மைக் கதை என்று போட்டால் நம்பலாமா?

'தி வே பேக்' படத்துக்கு மூலம், போலந்துப் படைவீரர் ஸ்லாவோமிர் ராவிச் பெயரில் 1956-இல் வந்த நினைவுக் குறிப்பு. சைபீரிய முகாமிலிருந்து 1941-இல் தப்பி, மங்கோலியா, கோபி பாலைவனம், திபெத், இமயம் வழியாகச் சுமார் 6,500 கிலோமீட்டர் நடந்து இந்தியா வந்ததாக அந்தப் புத்தகம் சொன்னது. பல மொழிகளில் லட்சக்கணக்கில் விற்றது. கோபியில் பல நாட்கள் தண்ணீரின்றிக் கடந்தது, இமயத்தில் பனிமனிதர் போன்ற உருவங்களைக் கண்டது என்ற பகுதிகளைப் படித்த மலையேறிகளும் பயணிகளும் அப்போதே ஐயப்பட்டார்கள். 2006-இல் பிபிசி வெளிக்கொணர்ந்த ஆவணங்கள் வேறு கதை சொல்லின. போலந்துக் கைதிகளுக்குச் சோவியத் அரசு அளித்த பொது மன்னிப்பின் கீழ் ராவிச் 1942-இல் விடுவிக்கப்பட்டு, போலந்துப் படையில் சேர அனுப்பப்பட்டிருந்தார். அவர் கையெழுத்தாலேயே எழுதிய தாளும் அவற்றில் இருந்தது. பின்னர் வேறொரு போலந்துக்காரர் அந்த நடை என்னுடையது என்றார், அதுவும் ஐயத்துக்குள்ளானது.

வியர் இதை அறிந்தே படமெடுத்தார். பாத்திரங்களின் பெயர்களை மாற்றி, கற்பனைக் கதையாகவே அமைத்துக்கொண்டார். ஜெர்மானியப் போர்க்கைதி ஒருவர் சைபீரியாவிலிருந்து ஈரான் வரை நடந்ததாக 1955-இல் வந்து, 2001-இல் படமாகவும் வந்த மற்றொரு புகழ்பெற்ற கதைக்கும் இதே கதி. கதைக்கு மூலமானவர் உண்மையில் 1947-இலேயே விடுதலையாகிவிட்டார் என்று ஒரு வானொலிச் செய்தியாளர் பின்னாளில் கண்டுபிடித்தார்.

கதை நன்றாயிருந்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது. மோலியின் நடைக்கு அரசாங்கக் கோப்புகளும் அன்றைய காவல்துறைத் தகவல்களும் சாட்சி. பால்ஸ்ரூடைச் சுமந்தவர்களின் ஊர்கள் இருக்கின்றன. நடந்தவர்களின் நடையையும் நடக்காத நடையையும் ஒரே தட்டில் வைத்தால் இழப்பு முன்னவர்களுக்கு. படத்தின் தொடக்கத்தில் உண்மைச் சம்பவம் என்று எழுத்து வந்தால், வேறு யார் சாட்சி, தண்ணீர் எங்கே கிடைத்தது, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மனத்துக்குள் கேட்டுக்கொள்வது நல்லது. 'ரெஸ்க்யூ டான்' விஷயத்தில்கூட, முகாமில் உடனிருந்த யூஜின் டிப்ரூயினைப் படம் காட்டிய விதம் பொய் என்று அவர் குடும்பத்தார் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். திரும்பி வராதவரால் தன் தரப்பைச் சொல்ல முடியாது.

நமக்கு அருகில்

மலையாளத்தில் பிளெஸ்ஸி இயக்கிய 'ஆடுஜீவிதம்' (2024) இந்தப் படவகைக்கு நம் பக்கத்திலிருந்து வந்த பெரிய பங்களிப்பு. பென்யாமினின் 2008 நாவலே அடிப்படை. வேலை தேடி சவூதி போன நஜீப், விமான நிலையத்திலிருந்து யாரோ ஒருவரால் அழைத்துச் செல்லப்பட்டு, பாலைவனத்து ஆட்டுப்பட்டியில் கூலியின்றி அடிமையாகிறான். பட்டியைச் சுற்றிப் பெரிய மதில் எதுவும் இல்லை, நாற்புறமும் மணல். சைபீரிய அதிகாரி சொன்ன அதே சிறை. தப்பி நடக்கும் மூவரில் ஹக்கீம் தாகத்தில் புத்தி கலங்கி இறக்கிறான். வழி தெரிந்த ஆப்பிரிக்கரான இப்ராஹிம் காதிரி நெடுஞ்சாலை அருகே வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டுக் காணாமற்போகிறார். சாலையில் வண்டியை நிறுத்தி நஜீபை ஏற்றிக்கொள்பவர் ஒரு செல்வந்த அரபியர். பெரும்பாலான பகுதி ஜோர்டானிலும் அல்ஜீரியாவிலும் எடுக்கப்பட்டது. 2020-இல் கொரோனா முடக்கத்தில் படக்குழுவே ஜோர்டான் பாலைவனத்தில் சிக்கிக்கொண்டது.

என்னை உலுக்கியது நடைக்குப் பிந்தைய பகுதி. ஊர் திரும்ப வேறு வழியின்றிக் காவல் நிலையத்தில் சரணடைந்து சிறையில் இருக்கும் நஜீபை, அடையாளம் காட்டும் நாளில் ஆட்டுப்பட்டி முதலாளி பார்த்துவிடுகிறான். ஆனால் பிடித்துப் போகவில்லை. இவன் என் விசாவில் வந்தவன் இல்லை, இல்லாவிட்டால் இழுத்துப் போயிருப்பேன் என்கிறான். அத்தனை ஆண்டுகளும் சட்டப்படிகூட அவன் முதலாளி இல்லை. வேலை கொடுத்தவரின் அனுமதியோடு தொழிலாளியின் இருப்பையே கட்டிவைக்கும் கஃபாலா முறை என்ன செய்யும் என்பதை அந்த ஒரு வாக்கியம் காட்டிவிடுகிறது.

தமிழ்த் திரையில் இப்படி முழுநீள நடைப்படம் அரிது. ஆனால் பலரும் கவனிக்காத ஒரு தொடக்கம் உண்டு. 1952-இன் 'பராசக்தி' என்றால் நீதிமன்ற வசனம்தான் நினைவுக்கு வரும். அந்தக் கதையில் பர்மாவின் ரங்கூனில் வாழும் நாயகனின் அண்ணன்மார் போர் நெருங்கியதும், கப்பல் கிடைக்காமல் நடந்தே தாயகம் புறப்படுகிறார்கள். வழியில் அவர்களில் ஒருவனான ஞானசேகரன் தாக்குதலில் ஒரு காலை இழக்கிறான். அது வெறும் கற்பனை இல்லை. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது, தமிழர் உட்பட லட்சக்கணக்கான இந்தியர் தமூ வழியாக மணிப்பூருக்கும், அரக்கான் வழியாகச் சிட்டகாங் பக்கத்துக்கும் நடந்தார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் வழியிலேயே இறந்தார்கள். வெள்ளையருக்கு நல்ல பாதை, இந்தியருக்கு மோசமான பாதை என்று ஆங்கில ஆட்சி பிரித்துவிட்டதாக அப்போதே கொந்தளிப்பு எழுந்தது. இவ்வளவு பெரிய நடைக்கு உரிய படம் இன்னும் நம்மிடம் வரவில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் 'ராபிட் புரூஃப் ஃபென்ஸ்' படத்தில் தொடங்கலாம். ஒன்றரை மணி நேரப் படம், பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்தும் பார்க்கலாம், ஆனால் தாயிடமிருந்து பிரிக்கும் காட்சிக்குப் பிறகு அவர்களோடு பேச நேரம் ஒதுக்குங்கள். அடுத்து 'ஆடுஜீவிதம்'. 'தி ட்வெல்த் மேன்' படத்தில் விரல் வெட்டும் காட்சி மனத்திடம் இல்லாதவர்களுக்கு ஆகாது. அவர்கள் 1957-இன் கறுப்பு வெள்ளைப் படத்தைத் தேடிப் பார்க்கலாம். ஹெர்சாக்கின் கதைப்படத்துக்கு முன்னால் அவருடைய ஆவணப்படத்தைப் பாருங்கள், டெங்லரே அந்தக் காட்டுக்குத் திரும்பிப்போய்ப் பேசுகிறார். 'தி வே பேக்' கடைசியில் வரட்டும்.